சுவிட்ச் போடாமலே வெந்நீர் தந்த கீசர்

அம்மாவுக்கு எங்கள் வீட்டுக் கீசர்மேல் தனிப் பிரியம். "தை மாசக் குளிர்லகூட சுவிட்ச் போடாமலே வெதுவெதுன்னு தண்ணி வருது பாருங்க. முந்தின நாள் சூடு அப்படியே தங்கியிருக்கு" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சிபாரிசு வேறு செய்திருந்தார். விடிகாலை ஐந்து மணிக்குக் குளிப்பவர் அவர் ஒருவர்தான். நாங்கள் எழுந்து குளிக்கும்போது யாராவது கீசரைப் போட்டிருப்பார்கள். அதனால் அந்த அதிசயம் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

2023 மார்ச் இரண்டாம் வாரத்தில் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் கார்டில் எழுதிவிட்டுப் போனது 548 யூனிட். முந்தைய ஆண்டின் இதே இரண்டு மாதங்களுக்கு 398. வீட்டில் ஆள் கூடவில்லை, புதுப் பொருள் எதுவும் வரவில்லை, ஏ.சி.யை இன்னும் தொடவில்லை. 150 யூனிட் எங்கே போயிற்று?

பிழைப்புக்குக் கணக்கெழுதுகிறவள் நான். யூனிட்டைவிட ரூபாய்தான் முதலில் உறுத்தியது. 2022 செப்டம்பரில் வந்து அப்போது நடப்பிலிருந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். ஐநூறுக்கு மொத்தம் 1,725. ஐநூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.25 என்ற படியே காணாமல் போய், 101-லிருந்தே 4.50 ஆகிவிட்டது. 501-ஆவது யூனிட்டின் விலை 8 ரூபாய்தான். ஆனால் அதைத் தொட்டதும் பில் 1,958 ஆனது. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய். எங்கள் 548-க்கு 2,334. போன வருஷ 398-க்கு இதே கட்டணத்தில் 1,116 தான் வந்திருக்கும்.

மீட்டர் வேகமாக ஓடுகிறது, புகார் கொடுக்கலாம் என்றார் கணவர். தெருவில் பாதிப்பேர் சொல்வதும் அதுதான். கொடுக்கலாம், ஆனால் அதற்கு முன் நம் வீட்டை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை இரவு, 11 மணி

மின்சாரம் எங்கே போகிறது என்று பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. மீட்டரிலேயே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருந்தால், 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் வாட்-நொடி. அதை 3200-ஆல் வகுத்தால் 1,125. ஆக, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணி, 1,125-ஐ அந்த எண்ணால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் தெரிந்துவிடும். சில மீட்டரில் 1600 என்று இருக்கும். அப்போது 1,125-க்குப் பதில் 2,250. பார்ப்பதோடு சரி, மீட்டரின் சீல்மேல் கை வைக்கக் கூடாது.

எல்லோரும் படுத்தபின் எல்லா விளக்கையும் ஃபேனையும் அணைத்தேன். ஃபிரிட்ஜ், டி.வி., வைஃபை பெட்டி, மிக்ஸி எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கினேன். இன்வெர்ட்டரை மட்டும் விட்டுவைத்தேன். கையில் டார்ச்சோடு மீட்டர் முன் நின்றால், மனசுக்குள் இனி சிமிட்டாது என்ற நம்பிக்கை. ஒன்பது நொடிக்கு ஒருமுறை நிதானமாகச் சிமிட்டியது. 125 வாட். ஒன்றுமே ஓடாத வீட்டில் 125 வாட்!

இன்வெர்ட்டர் பிளக்கையும் பிடுங்கினேன். இடைவெளி பதினொன்றரை நொடி ஆயிற்று. அதாவது பேட்டரி நிறைந்த பிறகும் இன்வெர்ட்டர் சும்மா இருந்தபடியே 27 வாட் வாங்குகிறது. அது பல வருஷமாக இருக்கும் செலவு, திடீரென முளைத்த 150-க்கு அது காரணமில்லை. மிச்சம் 98 வாட். ஒரு நாளைக்கு 2.35 யூனிட், அறுபது நாளைக்கு 141. கார்டிலிருந்த கேள்விக்கான விடை ஏறக்குறைய அப்படியே வந்து நின்றது. எங்கே என்பதுதான் பாக்கி.

அப்போதுதான் மீட்டரில் இன்னொரு விளக்கும் எரிவதைக் கவனித்தேன். ஓரத்தில், 'ஈ.எல்.' என்று போட்ட விளக்கு. எர்த் லோடு என்பதன் சுருக்கம் அது. ஃபேஸ் வழியாக வீட்டுக்குள் போகும் மின்சாரம் நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். போன அளவு திரும்பி வரவில்லை, வேறெங்கோ மண்ணுக்குள் இறங்குகிறது என்று மீட்டர் சொல்கிறது. பகலில் ஏன் இது கண்ணில் படவில்லை? வீட்டில் நிறையப் பொருள் ஓடும்போது அந்தச் சின்ன வித்தியாசம் மொத்தத்தில் கரைந்துவிடுகிறது. வீடு அடங்கினால்தான் எங்கள் மீட்டரில் அது எரிகிறது.

எங்கள் வீடு திருச்சியில் 1994-இல் கட்டியது. மெயின் போர்டில் ஆறு பீங்கான் ஃபியூஸ் கேரியர்கள். மெயினை அணைத்து ஒன்றைக் கழற்றுவது, மெயினைப் போட்டு மீட்டரைப் பார்ப்பது, மறுபடி அணைத்து மாட்டுவது என்று ஒவ்வொன்றாகப் போனேன். நான்காவதைக் கழற்றியதும் சிமிட்டல் நின்றது. ஈ.எல். விளக்கும் அணைந்தது. அது பவர் லைன்: வாஷிங் மெஷின், கிரைண்டர், கீசர்.

வாஷிங் மெஷின்மேல்தான் என் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கினேன், சிமிட்டல் நிற்கவில்லை. கிரைண்டரைப் பிடுங்கினேன், அதுவும் இல்லை. கீசர் சுவிட்ச் அணைந்திருந்தது. சுவிட்சை அணைத்த பொருளை யார் சந்தேகப்படுவார்கள்? சுவருக்குள் எங்கோ வயர் கசிகிறது, டைல்ஸை உடைக்க வேண்டிவரும் என்று பயந்துபோய், நள்ளிரவில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வேளையாக, கீசரைப் பற்றி அம்மா பேசிய பெருமை நினைவுக்கு வந்தது. சுவிட்ச் போடாமலே வெதுவெதுன்னு வருது.

கால் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, மெயினை அணைத்துவிட்டுக் கீசரின் மூன்று முனைப் பிளக்கைப் பிடுங்கினேன். மெயினைப் போட்டேன். மீட்டர் கப்சிப்.

ஞாயிறு

எலக்ட்ரீசியன் தம்பி காலையிலேயே வந்துவிட்டார். இந்த இடத்திலிருந்து வேலை அவருடையது. மீட்டர் பார்ப்பதும் பிளக் பிடுங்குவதும்வரைதான் என் எல்லை. வயரில் கை வைப்பது லைசென்ஸ் உள்ளவர் செய்ய வேண்டியது. அவர் முதலில் செய்தது ஒன்றே ஒன்று. கீசர் சாக்கெட்டின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் துளைக்குள் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

"அக்கா, சுவிட்ச் நியூட்ரல்ல இருக்கு."

இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறைக்கு டைல்ஸ் மாற்றியபோது அந்தப் போர்டைக் கழற்றி மாட்டினார்கள். அப்போது ஃபேஸ் வயரையும் நியூட்ரல் வயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சுவிட்சை அணைத்தால் கீசர் ஓடாது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் துண்டிக்கப்படுவது திரும்பும் வழிதான். 230 வோல்ட் இரவு பகலாகத் தண்ணீரைச் சூடாக்கும் கீசர் எலிமென்ட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. சூடு போதுமானதும் அணைக்கும் தெர்மோஸ்டாட்டும் அதே நியூட்ரல் பக்கம் போய்விட்டதால், அதனாலும் இதை நிறுத்த முடியாது.

அப்படி இருந்தும் இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. எலிமென்டின் உலோக உறை சரியாக இருந்தவரை ஃபேஸ் வெளியே வர வழியில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. கீசரைக் கழற்றித் திறந்தபோது உள்ளே இரண்டு கைப்பிடி அளவுக்குச் சுண்ணாம்புச் செதில். எலிமென்டின் வளைவில் முடியளவு விரிசல். மெக்னீசியம் ராடு இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பிதான் மிச்சம். அந்த ராடு தானே அரிபட்டுத் தொட்டியையும் எலிமென்டையும் காப்பதற்காக வைப்பது. கரைந்து தீர்ந்ததும் அரிப்பு மற்றதைத் தின்னத் தொடங்கும். உப்புத் தண்ணீர் ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னார். நாங்கள் எட்டு வருஷம் திறக்கவில்லை.

எந்த நாளில் அந்த விரிசல் விட்டதோ, அன்றிலிருந்து ஃபேஸ் விரிசல் வழியாகத் தண்ணீருக்கும், கீசர் உடம்புக்கும், எர்த் வயர் வழியாக மண்ணுக்கும் போய்க்கொண்டிருந்தது. போகிற வழியில் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கியது. அம்மாவின் வெந்நீர் அதுதான்.

"குழாயில எப்பவாவது சுருசுருன்னு இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது. பிப்ரவரியில் ஒருநாள் ஈரக்கையோடு வெந்நீர்க் குழாயைத் திறந்தபோது விரலில் எறும்பு ஊர்ந்தது போல. குளிர் விறைப்பு என்று விட்டுவிட்டேன். எர்த் சரியாக இருந்தால் அதுகூட வந்திருக்கக் கூடாது. எர்த் டெஸ்டர் கொண்டுவந்து எர்த்தின் மின்தடையை அளந்தார்: 96 ஓம். வீட்டு எர்த் ஐந்து ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 98 வாட்டை 230 வோல்டால் வகுத்தால் கசிவு ஏறக்குறைய 0.43 ஆம்பியர்; அது 96 ஓம் எர்த்தில் இறங்கும்போது கீசர் உடம்பு கிட்டத்தட்ட நாற்பது வோல்டில் நிற்கும். அதோடு சேர்ந்த ஜி.ஐ. குழாயில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில்தான், அம்மா தினமும் விடிகாலையில் ஈரத்தோடு கை வைத்திருக்கிறார். எர்த் வயர் எங்காவது விட்டுப்போயிருந்தால் நாற்பது என்பது 230 ஆகியிருக்கும். இதை எழுதும்போதும் வயிற்றைப் புரட்டுகிறது.

எர்த் குழி ஏன் கெட்டது? கார் நிறுத்தத் தளம் போட்டபோது அதன்மேல் கான்கிரீட் கொட்டிவிட்டோம். குழி என்பது கரியும் உப்பும் போட்டு ஈரம் காக்க வேண்டிய இடம். அதற்கு யாரும் சொட்டுத் தண்ணீர் ஊற்றி எத்தனையோ வருஷம்.

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. கசிந்தது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஃபியூஸும் சரி, அதற்குப் பதிலாக வந்த, லோடு மீறினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்சும் சரி, வயர் சூடாகி எரியாமல் காக்கத்தான் இருக்கின்றன. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது கொசுக்கடி. ஆனால் மனித உடம்புக்கு இந்தக் கசிவில் பத்தில் ஒரு பங்கே எமன். அதற்காகத்தான் ஆர்.சி.சி.பி. என்று தனியாக ஒன்று இருக்கிறது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒரே வளையத்துக்குள் போகும். இரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். எங்கள் மீட்டர் இரண்டு மாதமாகச் சும்மா விளக்கைக் காட்டிக்கொண்டிருந்த அதே வித்தியாசத்துக்கு இது கதவைச் சாத்தும். ஒன்று மட்டும்: ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரு கையால் தொட்டால் இதற்குத் தெரியாது, அதிக லோடையும் இது தடுக்காது. எம்.சி.பி.யும் வேண்டும், இதுவும் வேண்டும்.

மூன்று நாள் வேலை

கீசருக்குப் புது எலிமென்ட், தெர்மோஸ்டாட், மெக்னீசியம் ராடு, அழுத்தம் விடும் வால்வு. கீசரையே மாற்றிவிடலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டினார். தொட்டியைத் தட்டிப் பார்த்து, இன்னும் ஐந்து வருஷம் உழைக்கும் என்று தம்பி சொன்னதால் விட்டுவிட்டோம். சுவிட்சுக்குப் பதில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் 20 ஆம்பியர் டி.பி. சுவிட்ச். வயரை யார் மாற்றிக் கொடுத்தாலும் இனி அணைத்தால் அணைந்ததுதான்.

பீங்கான் கேரியர்களைக் கழற்றியபோது ஓர் அவமானம் காத்திருந்தது. ஒன்றில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் மூன்று இழை செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டிருந்தது. அப்பா காலத்து வைத்தியம். "அடிக்கடி போகுது" என்று போட்டிருப்பார். வயர் எரிந்தாலும் அது போயிருக்காது. ஆறையும் தூக்கிவிட்டு எம்.சி.பி. பெட்டி.

எர்த்துக்குப் பின்பக்கம் வாழை மரத்தடியில் புதுக் குழி. பாத்திரம் கழுவும் தண்ணீர் அங்கேதான் போகிறது, வருஷம் முழுக்க ஈரம் இருக்கும். மூன்று மீட்டர் ஜி.ஐ. குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக. அளந்தபோது 3.8 ஓம். மேலே கான்கிரீட் போடாமல், திறக்கக்கூடிய மூடி வைத்த சின்னத் தொட்டி கட்டச் சொன்னேன்.

கடைசியாக ஆர்.சி.சி.பி.யை மாட்டி, பெருமையோடு மெயினைப் போட்டோம். எல்லாம் சரி. மாலையில் மகள் மாடிப்படி விளக்கைப் போட்டாள். வீடே இருண்டது. மறுபடி போட்டால் மறுபடி இருட்டு. "இதைத்தான் மாட்டாதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் கணவர். நிஜம்தான், சும்மா சும்மா விழுகிறது என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடும் வீடுகள் உண்டு. தம்பி மாடிப்படிப் போர்டைத் திறந்தார். அந்த விளக்கின் நியூட்ரல் வயர் எப்போதோ அறுந்திருக்கிறது. அதைத் தேடிச் சுவரை உடைக்கச் சோம்பல்பட்ட யாரோ, எர்த் வயரையே நியூட்ரலாக்கி விளக்கை எரியவிட்டிருக்கிறார். போன மின்சாரம் நியூட்ரலில் திரும்பாமல் எர்த்தில் இறங்கினால் ஆர்.சி.சி.பி. விழத்தானே செய்யும்? அது குறையில்லை, அதன் வேலை. பக்கத்து அறையிலிருந்து நியூட்ரல் இழுத்ததும் சரியாயிற்று. அதன் முகப்பில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கிறது. மாதம் முதல் தேதி அதை அழுத்துவது இப்போது மகள் வேலை. அழுத்தினால் விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

செலவை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கீசர் சாமான்கள் 1,450. ஆர்.சி.சி.பி. 2,200. எம்.சி.பி. பெட்டி 1,900. எர்த் குழி 3,500. கூலி 3,000. மொத்தம் 12,050. கசிவு நின்றதால் ஒரு பில்லுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 1,200. பத்து பில்லில், அதாவது இருபது மாதத்தில், போட்டது திரும்பிவிடும். உண்மையில் கசிவை நிறுத்தியவை அந்த 1,450 ரூபாய்ச் சாமான்கள்தான். மற்றதெல்லாம் பில்லுக்காகச் செய்ததில்லை.

அப்புறம் கை சும்மா இருக்கவில்லை

ஒருமுறை மீட்டரை எண்ணிப் பழகியவளுக்கு அது ஒரு நோய் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு ஃபேனாகப் போட்டு நொடி எண்ணினேன். கூடத்துப் பழைய ஃபேன் 76 வாட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்திலும் முப்பதைச் சுற்றித்தான் வாங்குகிறது. கூடத்து ஃபேன் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் ஓடும். மிச்சம் பில்லுக்கு ஏறத்தாழ 50 யூனிட், 4.50 கணக்கில் 225 ரூபாய். ஃபேன் விலை மூவாயிரம் என்றால் பதிமூன்று பதினான்கு பில்லில் கழியும். வாங்கினேன். எங்கள் படுக்கையறைக்கும் ஒன்று. விருந்தாளி அறையில் மாதம் நான்கு நாள் ஓடும் ஃபேனுக்கு மூவாயிரம் போட்டால் அது என் ஆயுளில் திரும்பாது, அதனால் தொடவில்லை. எல்லாவற்றையும் மாற்று என்பவர்கள் ஃபேன் விற்பவர்கள். மாற்றும்போது பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், பி.எல்.டி.சி. அதோடு சேர்ந்து ஓடாது. பழைய ஃபேனே இருக்கட்டும் என்பவர்கள் பெட்டி மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டரை மட்டும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக மாற்றினாலே கொஞ்சம் மிஞ்சும். பெட்டி ரெகுலேட்டர் வேகத்தைக் குறைப்பது மின்சாரத்தைச் சூடாக்கி வீணாக்கித்தான், தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

மோட்டார் விஷயம் கொஞ்சம் வெட்கம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் இழுக்கும். டேங்க் நிறைந்து தெருவில் வழிந்து, யாராவது "அக்கா, தண்ணி!" என்று கத்தினால்தான் அணைப்போம். தினமும் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் பில்லுக்குப் பத்து யூனிட், போரிலிருந்து எடுத்த நல்ல நீர் சாக்கடைக்கு. தானியங்கி மாட்டலாம் என்று போனால், மலிவு விலை மிதவை சுவிட்ச் ஒன்றைக் காட்டினார்கள்: 230 வோல்ட் வயரே டேங்க் தண்ணீருக்குள் தொங்கும் வகை. கீசரில் பட்டது போதாதா? டேங்குக்குள் குறைந்த வோல்டேஜ் சென்சார் மட்டும் இருக்கும் வகையைத்தான் வாங்கினேன்.

டேங்க் அப்போதும் சீக்கிரமே காலியானது. அதற்குப் பீட்ரூட் உதவியது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீரைக் கழிப்பறை ஃபிளஷ் டேங்கில் ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. கோப்பையில் இளஞ்சிவப்பு இழை இறங்கியிருந்தது. அடியிலிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. நாற்பது ரூபாய். இதற்கு யாரையும் கூப்பிடவில்லை: தண்ணீரை நிறுத்தி, மூடியைத் தூக்கி, வாஷரை உருவி மாற்றக் கால் மணி நேரம். சத்தமில்லாமல் ஒழுகும் இது, சொட்டு விழும் குழாயைவிட மோசம். சொட்டாவது தூங்கவிடாமல் படுத்தித் தன்னைச் சரிசெய்ய வைத்துவிடும்.

குழாயிலும் ஷவரிலும் படியும் உப்புக்கு முன்பெல்லாம் ஆசிட் வாங்குவேன். இப்போது பிழிந்த எலுமிச்சைத் தோல்களைச் சேர்த்துவைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஒரு பாலிதீன் பையில் ஊற்றி ஷவரின் முகத்தில் கட்டிவிடுகிறேன். இரவு முழுக்க ஊறினால் காலையில் பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்ததும் உதிர்கிறது. தடித்துப் போன படிவுக்கு இது போதாது, அதற்குச் சிட்ரிக் அமிலத் தூள் தேவைப்பட்டது. எதைச் செய்தாலும், ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. சன்னல் சின்னதாக இருக்கும் குளியலறையில் அது நெஞ்சைப் பிடித்துவிடும். இரண்டும் ஒரே அலமாரியில்தான் எங்கள் வீட்டிலும் இருந்தன, பிரித்து வைத்திருக்கிறேன்.

வந்த வேகத்தில் அடுப்பையும் பார்த்தேன். கேஸ் டியூபின்மேல் அச்சிட்டிருந்த வருஷத்தைப் படித்தால் ஆறு ஆண்டு ஆகியிருந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப் ஏஜென்சியிலேயே கிடைக்கும். மாட்டியபின் சோப்பு நுரையை இரண்டு முனையிலும் தடவினேன். குமிழ் விட்டால் கசிவு. தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் வீரர்கள் எங்கள் குடும்பத்திலும் இருந்தார்கள், பெயர் வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படிந்து கிடக்கும். நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடாமல், அணைக்கவும் செய்யாமல், ரெகுலேட்டரை மூடிக் கதவைத் திறந்து வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும். சிலிண்டரின் மேல்வளையத்துக்குள் ஏ, பி, சி, டி என்ற எழுத்தோடு இரண்டு எண் இருக்கும். ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச்வரை, பி அடுத்த மூன்று மாதம், அப்படியே போகும்; எண் வருஷம். அந்தச் சிலிண்டரை அடுத்துச் சோதிக்க வேண்டிய காலம் அது. காலம் கடந்ததைக் கொண்டுவந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். நான் இதுவரை ஒருமுறை அனுப்பியிருக்கிறேன், கொண்டுவந்தவருக்குக் கோபம்தான்.

ஃபிரிட்ஜ் கதவில் ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். தாள் பிடிபட்டது, கேஸ்கட் நன்றாகத்தான் இருக்கிறது. பின்பக்கக் கம்பி வலையில் பஞ்சாகத் தூசி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைத்தேன், சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினேன். யூனிட் குறைந்ததா என்று தெரியும் அளவுக்கு எதுவும் மாறவில்லை. மண்பானை உரமும் தொடங்கினேன், அது தனிக் கதை. முதல் பானையில் புழு நெளிந்து வீட்டில் எனக்கு எதிராகத் தீர்மானமே போட்டார்கள். காய்ந்த இலையைப் போதுமான அளவு போடாததுதான் பிழை.

மே மாத பில் வந்தது. ஏ.சி. ஓடிய கோடை, போன வருஷம் இதே பில் 566. இந்த முறை ஏ.சி.யை 26-இல் வைத்தோம், ஃபேனோடு. 479 யூனிட். ஐநூறுக்கு இப்பால் நின்றுவிட்டோம். இன்வெர்ட்டரின் அந்த 27 வாட்டுக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்த்தாயிற்று, எண்ணிக்கை அசையவில்லை.

கீசரின் அடிப்பக்கம் மார்க்கர் பேனாவால் '2025 மார்ச், ராடு பார்க்கவும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் இந்த வேலை எதுவும் பிடிக்கவில்லை. விடிகாலையில் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

"என்னத்தப் பண்ணுனீங்களோ, இப்பல்லாம் சுவிட்ச் போட்டாத்தான் வெந்நி வருது."